வார்த்தைக்குப் பொறந்த ஊடு

கணபதியில் எங்கள் லேத் பட்டறைக்கு எதிர்ச் சந்தில் மெஸ் நடத்திய அக்காவிடம் போய், "பார்சலுக்குப் பாத்திரம் கொண்டாந்திருக்கேன்" என்று சொன்னால் தொலைந்தீர்கள். அன்றைக்கு உங்கள் சோறு ஆறிவிடும். கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பார். "பாத்திரம்னா எல்லாமே பாத்திரந்தானுங்க. நீங்க கொண்டாந்தது என்னதுங்க?" என்பார். "தூக்குப்போசிங்க" என்ற பிறகுதான் சாம்பார் இறங்கும்.

முதல் நாள் எனக்கும் இதுதான் நடந்தது. நான் காங்கேயம் பக்கம். எங்கள் வீட்டிலும் போசிதான், பாத்திரம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கோயம்புத்தூர் வந்து பட்டறையில் சேர்ந்த புதிது. போசி என்று சொன்னால் பட்டிக்காட்டான் என்று சிரிப்பார்களோ என்று பயந்து, நாகரிகமாகப் பாத்திரம் என்றேன். "எந்த ஊருங்க தம்பி?" என்றார். சொன்னேன். "காங்கேயத்துல பொறந்துபோட்டுப் பாத்திரமா?" என்று அவர் கேட்டதும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இனிமேல் இந்த மெஸ் வாசலை மிதிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன். அவர் வைக்கிற கொள்ளு ரசம் என்னை மறுநாளே அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

அக்காவுக்கு நெட்டையான உடம்பு. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றிக்கு மேலேதான் இருக்கும், கண்ணுக்கு வந்து நான் பார்த்ததில்லை. குரல் மட்டும் சந்துக் கடைசிவரை கேட்கும். வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு இரண்டு பேருமாக மெஸ் தொடங்கினார்கள், அவர் போன பிறகு அக்கா தனியாக நடத்தினார். இதெல்லாம் நானாக அங்கே இங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது. தன் கதையை அவர் சொன்னதே இல்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் வார்த்தைகளின் கதை.

"வார்த்தைக்கும் பொறந்த ஊடு ஒண்ணு இருக்குமுங்க. எங்கத்தது, எந்த ஊட்டுதுன்னு கேக்காம வாயில போட்டுக்கலாமா?" என்பார். பெண் பார்க்கப் போகிறவர்கள் விசாரிக்கிற மாதிரிதான் விசாரிப்பார். சாப்பிடுகிற தட்டுக்கு வட்டல் என்று பேர் எங்கே பிறந்தது? "வட்டமா இருக்கறதால வட்டலுங்க." விருந்தாளியை ஏன் ஒறம்பரை என்கிறோம்? "உறவும் பரம்பரையும் சேர்ந்தா ஒறம்பரைதானுங்களே." சீமாறு? "சீக்கு மாறிப் போகோணும்னு ஊட்டைக் கூட்டறோமில்லீங்க, அதான் சீமாறு." அவர் சொல்கிற வேகத்தில் நமக்குச் சந்தேகமே வராது. சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, சந்து முனையில் பீடா வாங்கும்போதுதான் 'அடப்பாவமே, அப்படியா இருக்கும்?' என்று தோன்றும்.

ஒருநாள் வசமாகப் பிடித்துவிட்டேன். எங்கள் பக்கம் வாளியைக் கடகால் என்போம். அதற்குத் திங்கட்கிழமை ஒரு கதை சொன்னார், கிணற்றின் கடைசி வரைக்கும் கால் வைத்து இறங்குகிறதாம், அதனால் கடகால். வெள்ளிக்கிழமை யாரோ புதிதாக வந்த ஆளிடம், கடைந்தெடுத்த கால் போல வளைவாக இருப்பதால் கடகால் என்றார். "ஏனுங்க்கா, அன்னைக்கு வேற சொன்னீங்களே?" என்று நான் இடையில் புகுந்தேன். கொஞ்சமாவது அசைய வேண்டுமே! "ஏன் தம்பி, உங்கம்மாளுக்கு அப்பன் ஊடு ஒண்ணு, மாமன் ஊடு ஒண்ணு இருக்கறதில்லையா? வார்த்தைக்கு ரெண்டு ஊடு இருந்தா உங்களுக்கு என்ன நோவுது?" என்றார். ஊறுகாயை மட்டும் எனக்கு அன்றைக்கு வைக்கவில்லை.

அவருக்குத் 'தெரியலீங்க' என்ற சொல்லே தெரியாது. பவுண்டரியில் வேலை பார்த்த ஒடிசாப் பையன்கள் வந்து சாப்பிடுவார்கள். அவர்களிடம் போசியைத் தூக்கிக் காட்டி உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். "பாசன்" என்றான் ஒருவன். "பாத்தீங்களா, போசிக்குப் பங்காளி! பாசனத்துத் தண்ணி புடிச்சு வெச்சிருப்பாங்க" என்று அந்த இடத்திலேயே சொந்தம் சேர்த்துவிட்டார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் இரண்டாவது தடவை கூட்டு விழுந்ததில் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

அந்தப் போசியால்தான் எங்கள் பட்டறை முதலாளிக்கும் அவருக்கும் தீராத வழக்கு. முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "போசி எங்க ஊட்டு வார்த்தைங்க, எங்க பாட்டன் காலத்துலேயே சொல்லுவோம்" என்று ஒருநாள் வாய்விட்டுவிட்டார். அக்கா சட்டென்று அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தார். "போசனம் போடற சாமானுங்க அது. போசனம் போசியாச்சு. உங்க பாட்டன் எங்க ஊட்டுல சாப்புட்டுப்போட்டு வார்த்தையையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டாருங்க" என்றார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர், "கன்னடத்துலயும் போசி உண்டுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு ரசம் போய்ச் சேரவே இல்லை. உண்மையில் அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போயிருந்தாலும் நல்ல வீட்டில்தான் வாக்கப்பட்டிருக்கிறது.

எழுத்து விஷயத்திலும் அப்படித்தான். 'தூக்குப்போசி கொண்டு வந்தால் பார்சல் உண்டு' என்று பலகை எழுதச் சொன்னார். பெயிண்டர் 'தூக்கு போசி' என்று எழுதிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அக்கா ஆள் விட்டு அவனைப் பிடித்து வரச் செய்தார். "தூக்கு, போசின்னு தனித்தனியா நின்னா ஆரையோ தூக்குல போடற மாதிரி இருக்குது கண்ணு. நடுவுல ஒரு ப் வையி" என்றார். இடமே இல்லை. அவன் அந்த 'ப்'பை இரண்டு சொற்களுக்கும் மேலே, காக்காய் உட்கார்ந்த மாதிரி எழுதிவைத்துவிட்டுப் போனான். பலகை கடைசிவரை அப்படியேதான் தொங்கியது.

ஒரே ஒரு தடவை அவர் முகம் சுண்டிப் பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து ஆடிட் வேலைக்கு வந்த ஒரு பையன், "போசியா? என்ன ஆன்ட்டி, கெட்ட வார்த்தை மாதிரி இருக்கு!" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரித்தான். அக்கா அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு தூக்குப்போசியில் மோரை ஊற்றி அவன் கையில் கொடுத்தார். "ஆபீசுக்குக் கொண்டுபோயிக் குடியுங்க. இது என்னதுன்னு அங்க பத்துப் பேரைக் கேளுங்க. அப்பறம் வந்து எனக்குச் சொல்லுங்க" என்றார். மறுநாள் அவன் வந்து போசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எல்லாரும் போசின்னுதான் ஆன்ட்டி சொல்றாங்க" என்று தலையைச் சொறிந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தேர்தலில் ஜெயித்த மாதிரி இருந்தது.

இப்படி வாயால் வாழ்ந்த மனுஷிக்கு வாயில்தான் வந்தது வினை. ஓர் ஆடி மாதத்தில், காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சமையலுக்கு உதவி செய்கிற பெண்கள் போட்ட கூச்சலில் நாங்கள் மிஷினை நிறுத்திவிட்டு ஓடினோம். பட்டறை வேனில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது, ஆனால் வலது கை விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு போயே போய்விட்டது.

மகன் பிரபு புனேயில் வேலை பார்க்கிறவன். விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஆறாம் நாள் அக்காவின் வாயிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக வர ஆரம்பித்தது. ஒவ்வொரு வார்த்தைதான், இரண்டாகச் சேரவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் பிரபு என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மாவுக்குப் பேச்சு குழம்பிப்போச்சுங்கண்ணா. படத்தைக் காட்டிப் பேரு கேட்டா என்னென்னமோ சொல்றாங்களாம். நர்ஸையெல்லாம் வேற திட்டறாங்களாம். நாளைக்குப் பேச்சுப் பயிற்சிக்கார மேடம் ரிப்போர்ட் குடுக்கறாங்க. அவங்க சரியில்லைன்னு சொல்லிட்டா மெஸ்ஸ மூடிட்டு அம்மாவ எங்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"புனேக்கா?"

"இங்க தனியா எப்படிங்கண்ணா உடறது?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பெற்றவளை எந்த மகன் தனியாக விடுவான்? ஆனால் புனே வீட்டை நினைத்துப் பார்த்தேன். பத்தாவது மாடி வீடு, அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது என்று அவனே முன்பு சொல்லியிருக்கிறான். அங்கே உட்கார்ந்துகொண்டு இந்த அக்கா யாரிடம் போசி என்று சொல்வார்? யாரோடு சண்டை பிடிப்பார்? பேச்சு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அங்கே போனால் அதுவும் அவிந்துபோகும்.

மறுநாள் காலையில் கஞ்சியோடு போனபோது பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சொல்லிக் கொடுக்கிற பெண் திருநெல்வேலிக்காரி, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல பொறுமைசாலி. "உக்காருங்க சார், பரவால்ல" என்றாள். நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிரபு ஜன்னலோரம் போனில் ஆபீஸ் வேலையாக இருந்தான்.

சீப்புப் படத்தைக் காட்டினாள். "சீப்பு" என்றார் அக்கா. குழறியது, ஆனால் சீப்புதான். அந்தப் பெண் தாளில் ஒரு டிக் அடித்தாள். அடுத்து வாளி. அக்கா வாயைக் கோணிக் கோணி, "கட... கால்" என்றார். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு தப்புப் போட்டாள். விளக்குமாற்றைக் காட்டினாள். "சீமாறு." இன்னொரு தப்பு. தட்டைக் காட்டினாள். "வட்டல்." அதற்கும் தப்பு. நான் துள்ளி எழுந்துவிட்டேன்.

"ஏனுங்கம்மா, எல்லாத்தையும் சரியாச் சொல்றாங்க, எதுக்குத் தப்புப் போடறீங்க?"

"வாளியைக் காட்டினா கால்ங்காங்க சார். மூணு நாளா இதேதான். சம்பந்தமில்லாத வார்த்தையா வருது."

"கால் இல்லீங்க, கடகால்! எங்க பக்கம் வாளிக்கு அதுதானுங்க பேரு. சீமாறுன்னா விளக்குமாறு. வட்டலு சாப்புடற தட்டு. வேணும்னா வெளிய வார்டு ஆயாளக் கேட்டுப் பாருங்க."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ சார்! எங்க ஊர்ல விளக்குமாத்தை வாரியல்ம்போம், பாத்திரத்தை ஏனம்ம்போம். எங்க அம்மாவைக் கொண்டாந்து இங்க உக்கார வச்சா நானே அவளை ஃபெயிலாக்கியிருப்பேன் போலுக்கே!" என்று சொல்லிக்கொண்டே போட்ட தப்புகளையெல்லாம் அடித்துத் திருத்தினாள். பிரபு போனைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். "கடகாலா? அதைத்தான் தப்புன்னீங்களா மேடம்? என்னைக் கேட்டிருக்கலாமுங்களே!" என்றான். எனக்கு மலையை இறக்கிவைத்தது போல இருந்தது. அக்கா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். 'இத்தனை நேரமா இதுக்கு?' என்கிற பார்வை அது.

ஆனால் அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது ஒண்ணுதான் சார் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லி ஒரு குடைப் படத்தை எடுத்தாள். "அம்மா, இது என்னது?"

அக்கா படத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். "பிடாரி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடங்காப் பிடாரி என்று யாரையாவது திட்டினால் சும்மா விடுவார்களா? "அக்கா, இது குடைங்க. குடை" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வேகமாகத் தலையை ஆட்டி, "பிடாரி, பிடாரி" என்றார். இடது கை முஷ்டியை மடக்கி அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"பாத்தீங்களா? தினமும் இப்படித்தான் முஷ்டியைக் காட்டுதாங்க. மழைக்கு நர்ஸம்மா குடையோட உள்ள வந்தாலும் இதே வார்த்தைதான். ரெண்டு நர்ஸுங்க அழுதுட்டாங்க. சிலருக்கு இந்த நோவுல மத்த பேச்சு போயிட்டாலும் திட்டு மட்டும் தங்கிடும் சார். என்ன சொல்றோம்னே தெரியாம வரும். அப்படித்தானான்னு எனக்குத் தெரியணும். தெரியாம இவங்க தெளிவா இருக்காங்கன்னு நான் எப்படி எழுதிக் குடுப்பேன்?"

"பிடாரின்னு எங்கம்மா யாரையும் திட்டிக் கேட்டதே இல்லீங்க" என்றான் பிரபு. சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

நான் வெளியே வந்து முதலாளிக்குப் போன் அடித்தேன். "ஏனுங்கய்யா, உங்க ஊட்டுல குடையை என்னன்னு சொல்லுவீங்க?" "கொடுகும்போம். ஏன்யா, நனைஞ்சுட்டியா?" விஷயத்தைச் சொன்னேன். "பிடாரின்னு நம்ம ஊட்டுல எதுவும் கெடையாதே சாமி" என்றார். போனில் எழுதித் தேடினேன். சூலமும் கையுமாக அம்மன் படங்கள்தான் வந்து விழுந்தன. குடைக்கும் பிடாரிக்கும் இந்தப் பூமியில் எந்தச் சம்பந்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அந்த மெஸ்ஸில் உட்கார்ந்து தின்றுவிட்டு இதுகூடத் தெரியவில்லையே! ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் அக்கா முதலில் என்ன கேட்பார்? அதன் பொறந்த ஊடு எதுவென்று. வார்த்தையின் வீடு தெரியாவிட்டால் என்ன, அக்காவின் பொறந்த ஊட்டை விசாரிக்கலாமே.

"பிரபு, உங்கம்மாவோட பொறந்த ஊட்டு ஆளுங்க ஆராச்சும் இருக்காங்களா?"

"தாராபுரம் பக்கம் இப்ப யாரும் இல்லீங்ணா. சித்தி ஒருத்தங்க சென்னிமலைல. அம்மாவோட தங்கச்சி. அவங்களுக்கு இன்னும் விஷயமே சொல்லலை. சொன்னா அழுது ஊரைக் கூட்டிருவாங்கன்னுதான்..."

"அட, அழுதா அழுகட்டும், போனைப் போடு."

அவன் பயந்தது சரிதான். "அம்மா ஆஸ்பத்திரியில..." என்று தொடங்கியதுமே அந்தப் பக்கம் ஒப்பாரி கிளம்பிவிட்டது. குடையையும் பிடாரியையும் கேட்பதற்குள் போன் அணைந்துவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. பஸ் ஏறியிருப்பார் என்று காத்திருந்தோம். ரிப்போர்ட்டைச் சாயங்காலம் வரை தள்ளி வைக்கிறேன் என்று அந்தப் பெண் பெரிய மனசு பண்ணினாள். வெளியே ஆடிச் சாரல் பிசுபிசுவென்று பெய்துகொண்டே இருந்தது.

மத்தியானம் தாண்டி அந்த அம்மா வந்து சேர்ந்தார். அக்காவுக்கு நேர்மாறாகக் குட்டையான, உருண்டையான உடம்பு. கக்கத்தில் அக்காவுக்கென்று ஒரு சென்னிமலைப் பெட்ஷீட், கையில் தண்ணீர் சொட்டுகிற குடை. "அய்யோ என்ற அக்கா, உனக்கா இப்படி வந்துபோச்சு" என்று வார்டு வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அக்காவின் கண் தங்கையின் கையிலிருந்த குடைமேல் விழுந்தது. "பிடாரி" என்றார் தெளிவாக.

பயிற்சிக்காரப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வந்தவரையும் திட்டியாகிவிட்டது! நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அழுகைச் சத்தம் பட்டென்று நின்றது.

"ஏனக்கா, நீ இன்னும் அதை உடலையா?" என்று கேட்டது தங்கையின் குரல். "சாகக் கெடந்தாலும் பிடாரிதானா? படாரின்னு உனக்கு எத்தனை தடவை சொல்லுறது?"

நான் கண்ணைத் திறந்தேன். பிரபு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "சித்தி, பிடாரின்னா என்னது?" என்றான்.

"கொடை, கண்ணு! கொடைதான்!" என்றார் அந்த அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எங்கய்யன் சந்தைக்குப் போயி மொத மொதல்ல ஒரு கொடை வாங்கிட்டு வந்தாரு. அதுக்கு முன்னால நாங்க கொங்காடைதான் போட்டுக்குவோம், சாக்கை மடிச்சுத் தலையில. கொடையை ஊட்டுக்குள்ள ஆசாரத்துல வெச்சு அய்யன் விரிச்சாரு பாரு, படார்னுச்சு. நான் பயந்து ஓடி ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில ஒளிஞ்சுட்டேன். அன்னைக்கு நாந்தான் அதுக்குப் படாரின்னு பேரு வெச்சேன். ஊட்டுல அத்தனை பேரும் அப்பறம் அப்படியேதான் கூப்புட்டாங்க. இவொ ஒருத்தி மட்டும் படாரி இல்ல, பிடாரின்னு அன்னைக்கே புடிச்சா. அடுத்தவிய முன்னால இந்தப் பேச்சை எடுக்க மாட்டா, நாங்க ரெண்டு பேரும் தனியாச் சந்திச்சா இந்தச் சண்டைதான். நீங்களே சொல்லுங்க அம்மணி, படார்னு தொறக்கறதால படாரி. இதுல என்ன தப்பு இருக்குது?"

கடைசிக் கேள்வி பயிற்சிக்காரப் பெண்ணுக்கு. அவள் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்காவின் உதடு இழுத்துக்கொண்டு துடித்தது. நெற்றியில் வியர்வை பூத்துவிட்டது. ஒன்பது நாளாக இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத மனுஷி. இடது கையை மடக்கி, தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ப... இல்ல" என்றார். "பி. கையில... பிடிக்கறதால... பிடாரி."

அந்த மடக்கிய கை முஷ்டியல்ல, குடைக் காம்பைப் பிடித்த பிடி என்று எங்கள் மரமண்டைகளுக்கு அப்போதுதான் ஏறியது. இத்தனை நாளும் அக்கா எங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், நாங்கள் அடிக்க வருகிறார் என்று பயந்திருக்கிறோம்!

"சார், காரணம் சொல்லுதாங்க!" என்று கத்தினாள் அந்தப் பெண். பேனா எங்கோ உருண்டு போயிற்று. "பிடிக்கறதாலன்னு காரணம் சொல்லுதாங்க! வாதம் பண்ணுதாங்க! இவங்களுக்கா தெளிவில்ல?" அவள் கண் கலங்கிவிட்டது. "பிரபு சார், அம்மாவை வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. பேச ஆளு நெறைய இருக்கணும், அதுதான் மருந்து. சண்டை போட ஆளு இருந்தா இன்னும் நல்லது."

பிரபு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "எங்கயும் போக வேண்டாம்மா, இங்கயே இரு, மெஸ்ஸையும் மூட வேண்டாம்" என்றான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. முதலாளியிடம் சொல்ல வேண்டும், பட்டறை முழுக்கச் சொல்ல வேண்டும், அந்தச் சத்தியமங்கலத்துக்காரரைத் தேடிப் பிடித்தாவது சொல்ல வேண்டும் என்று மனசு பறந்தது.

தங்கைக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் அழுவதைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து அக்காவின் விழுந்த கையை எடுத்து மடியில் வைத்துத் தடவினார். "செரிக்கா" என்றார். "நீ சொல்றதே செரி. பிடாரியாவே இருந்துட்டுப் போகட்டும்."

அக்காவின் முகம் மாறிவிட்டது. தங்கையை ஒரு தடவை பார்த்தார். காலடியில் அழுகிற மகனைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அவர் கண்ணில் பயத்தை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"ஏம்புள்ள..." என்றார் மெதுவாக. "நாஞ்... சாகப் போறனா?"

அந்த அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆரு சொன்னா? அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார். "படாரிதான்."